பங்கருக்குள் ஊறிய தார்

1992ஆம் ஆண்டு, சித்திரை வெயில் கொளுத்திய நாட்கள். நாங்கள் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்தோம். பொருளாதாரத் தடையால் எண்ணெய் என்று பெயருள்ள எதுவும் இலேசில் கைக்கு எட்டாத காலம். சைக்கிள் சங்கிலிக்குப் போடக்கூடக் கிறீஸ் இல்லை.

என் கணவர் ரியூட்டரியில், தனியார் வகுப்புகளில், இரசாயனவியல் படிப்பித்தவர். படித்ததை வீட்டில் செய்து பார்க்காவிட்டால் மனுசனுக்குச் சோறு இறங்காது. வீதி வேலை நின்றுபோனதில் வீட்டுக்கு வரும் ஒழுங்கை முகப்பில் ஒரு தார்ப் பீப்பா கிடந்தது. தாரைப் பெற்றோல் மாதிரியான திரவத்தில் ஊறவைத்தால் அதிலுள்ள எண்ணெய் கரைந்து வரும், கட்டிக் கறுப்பு அடியில் தங்கிவிடும், பிறகு திரவத்தை ஆவியாகப் பறக்கவிட்டால் எண்ணெய் மிஞ்சும் என்று எனக்கு வகுப்பெடுத்தார். மூடிக்கிடந்த அச்சகமொன்றில் அச்செழுத்துக் கழுவ வைத்திருந்த திரவம் எப்படியோ அவர் கைக்கு வந்தது. அதன் ஆவி தரையோடு படுத்துக் கிடக்கும், ஒரு பொறி போதும், அடுப்படிக்குக் கொண்டுவந்துவிடாதே என்று என்னை எச்சரித்தவரும் அவர்தான். தார் ஊறவைத்த பேசின் மாட்டுக்கொட்டிலில் இருப்பதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குண்டுவீச்சுக்கு ஒளிய எங்களுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒரே பங்கர். வேலியோரமாக எங்கள் பக்கத்தில் இரு வீட்டாரும் சேர்ந்து வெட்டியது. அவர்கள் ஓடிவர வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு விட்டிருந்தோம். ஆனால் அப்போது எனக்கும் அக்காவுக்கும் இரண்டு கிழமையாகக் கதை பேச்சில்லை. அவருடைய கோழிகள் என் மிளகாய்க் கன்றுகளைக் கிளறியதில் தொடங்கிய சண்டை, பங்கர் இருப்பது எங்கள் காணியில் என்று நான் சொல்லிக்காட்டும் வரை வளர்ந்திருந்தது.

ஒரு நாள் பின்னேரம். கணவர் பண்டத்தரிப்புக்குப் போயிருந்தார். குண்டுபோட வரும் பொம்மரின் இரைச்சல் கேட்டதும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பங்கருக்குள் இரண்டு படி இறங்கியதுமே மணம் முகத்தில் அடித்தது. நெஞ்சு அடைத்து, தலை சுற்றியது. மூலையில் சாக்கால் மூடிய பேசின். வெயிலில் திரவம் பறந்துவிடுமென்று குளிர்ந்த இடம் தேடிய மனுசன், வளவிலேயே மிகக் குளிர்ந்த இடத்தைக் கண்டுபிடித்திருந்தார்.

விழுந்தடித்து மேலே ஏறினால், பிள்ளைகள் இரண்டையும் முன்னால் விட்டுக்கொண்டு அக்கா பொட்டால் வந்துகொண்டிருந்தார். கையில் சொட்டு மண்ணெண்ணெயில் எரியும் ஜாம் போத்தல் விளக்கு. உள்ளே கும்மிருட்டு என்பதால் பகலிலும் அவர் விளக்கோடுதான் வருவார். பொம்மர் ஒருமுறை வட்டமடித்துவிட்டுக் குண்டுபோடப் பதியத் தொடங்கியது. நான் வாசலை மறித்து நின்றேன்.

"அக்கா, உள்ளுக்கு வராதேங்கோ. விளக்கை நூருங்கோ."

யோசித்துப் பாருங்கள். தலைக்கு மேலே பொம்மர். காணிக் கதை கதைத்த சண்டைக்காரி பங்கர் வாசலை மறிக்கிறாள். வேறு யாராவது என்றால் என்னை இடித்துத் தள்ளிவிட்டு விளக்கோடு இறங்கியிருப்பார்கள். அக்கா என் முகத்தை ஒருமுறை பார்த்தார். ஊதி அணைத்தார். ஏன் என்று ஒரு சொல் கேட்கவில்லை. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கிணற்றடி வாய்க்காலுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடி விழுந்தேன். குழந்தை எனக்குக் கீழே, அக்காவின் ஒரு கை என் முதுகுக்கு மேலே. நிலம் அதிர்ந்தது. எங்கோ மேற்கே புகை எழும்பியது. இரைச்சல் அடங்கியது. அங்கேயே கிடந்து, பேசின் விசயத்தைச் சொல்லி அழுதேன்.

அன்று என் கணவர் என்னிடம் வாங்கிய பேச்சை இங்கே எழுத முடியாது. தார் எண்ணெயைப் பற்றி அவர் பிறகு மூச்சுவிடவில்லை.

அடுத்த நாள் பொட்டால் புகுந்து அக்காவிடம் போனேன். எப்படி என்னை நம்பினீர்கள் என்று கேட்டேன். அவர் முருங்கைக்காய் சீவியபடியே சொன்னார்.

"கோவத்திலை நிக்கிற உன்ரை முகத்தைத்தானே ரெண்டு கிழமையாப் பாத்தனான், பிள்ளை. நேற்று வாசலிலை நிண்டது வேறை முகம்."

இன்றைக்கும் யாரோடாவது மனஸ்தாபம் வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதில்லை. அக்கா அன்று என் முகத்தைப் பார்க்காமல் விட்டிருந்தால், எங்கள் இரண்டு குடும்பமும் அந்த வாசலிலேயே முடிந்திருக்கும்.