தங்கையின் மில்லுக்கு வந்த மலேசியாப் பங்காளி

தங்கையின் நெல் மில்லுக்கு மலேசியாவிலிருந்து ஒரு கம்பனி பங்காளியாக வருகிறது என்று கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு எரிந்தது, அவ்வளவுதான். என்னைக் கட்டிய மாப்பிள்ளை கல்முனை பஸாரில் ஒரு சின்னப் புடவைக் கடையை வைத்துக்கொண்டு, பகல் சாப்பாட்டுக்குச் சம்மாந்துறைக்கு ஓடி வருகிற மனிதர். அவளுடைய மாப்பிள்ளையோ மில் வாசலில் புதுப் பலகை மாட்டி, உரிமையாளர் என்று தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார்.

அந்தப் பலகையைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து இருப்பவர். மில் நிற்கிற வளவை எங்கள் வாப்பா எனக்கும் தங்கைக்கும் பிரிக்காமல் எழுதிவைத்தார். மில்லைக் கட்டியது தங்கையின் மாப்பிள்ளை, மண் எங்களுடையது.

மலேசியாக்காரர்களுக்கு இது எங்கே தெரியும்? அவர் பேச்சை நம்பி, முழு வளவையும் நெடுங்குத்தகைக்கு எடுப்பதாகப் பேசி முடித்திருந்தார்கள். வெளிநாட்டு முதலீட்டைச் சரிபார்க்கக் கொழும்பிலிருந்து அதிகாரிகள் வந்தபோதுதான் குட்டு உடைந்தது. காணிக்காரிகள் இரண்டு பேரும் சம்மதிக்காமல் அனுமதி இல்லை, நாளைக்கு நேரில் கேட்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. இனி அவள் என் வாசலுக்கு வந்து கெஞ்ச வேண்டுமே! நன்றாகப் பிகு பண்ணிவிட்டுத்தான் ஓம் என்று சம்மதிப்பது எனக் காத்திருந்தேன்.

பின்னேரம் வந்தாள்.

"ராத்தா, நாளைக்கு நீங்க மாட்டன் எண்டு சொல்லுங்க."

"என்ன புள்ள கதைக்கிறாய்?"

"வளவ அவனுகளுக்குக் குடுத்தா என்ட மகளுக்கு எங்க வீடு கட்டுற? வீடில்லாத புள்ளைய ஆரு கலியாணம் முடிப்பான்? அவரிட்ட இத வாய் தொறந்து சொல்ல எனக்கு ஏலா. நான் ஓம் எண்டுதான் சொல்லுவன். நீங்க மாட்டன் எண்டா நிண்டிரும்."

"அப்ப ஊரு என்னைத்தானே வயித்தெரிச்சல்காரி எண்டு சொல்லும்?"

அவள் தரையைப் பார்த்தாள். "ஒங்களுக்குத்தான் அதெல்லாம் தாங்க ஏலும் ராத்தா."

மறுநாள் மில் வாசலில் கூட்டம். அதிகாரிகளின் சிங்களத்தைக் கிராம சேவகர் தமிழாக்கிக் கேட்டார். தங்கை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மெல்லிய குரலில் ஓம் என்றாள். நான் விருப்பமில்லை என்றேன். காரணம் கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் அவள் வீட்டில் பிரளயம். விருப்பமில்லை என்றால் விருப்பமில்லைதான் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளுடைய மாப்பிள்ளை அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மாறவில்லை. மலேசியாக்காரர்கள் போய்விட்டார்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. போன மாதம் ஒரு கலியாண வீட்டில், எனக்குக் கேட்கட்டும் என்றே ஒருத்தி, "கூடப் பொறந்தவளே எரிச்சல்ல கெடுத்திட்டா" என்றாள். தங்கை பக்கத்தில்தான் இருந்தாள். "போகட்டும் விடுங்க, என்ட ராத்தாதானே" என்றாள். எவ்வளவு பொறுமை என்று பெண்களெல்லாம் அவளைக் கொண்டாடினார்கள்.

மில்லுக்குப் பின்னால் அவள் மகளுக்கு வீட்டு அத்திவாரம் எழும்புகிறது. மில்லும் அவளிடம், என் பங்கும் சேர்ந்த வளவும் அவளிடம், இப்போது நல்ல பேரும் அவளுக்கு. மலேசியாக் காசு வந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.