வேலிக் கதவை நோக்கி ஓடிய கால்கள்

மலாயாவில் கம்யூனிஸ்டுக் கொரில்லாக்களை ஒடுக்க அறிவித்த அவசரகாலத்தில் எங்கள் பெடாஸ் ரப்பர் தோட்டக் குடியிருப்பைச் சுற்றி முள்வேலி. மாலையில் ஊரடங்குச் சங்கு ஊதியதும் கதவை மூடிவிடுவார்கள். அதன்பின் வெளியே நிற்பவரைச் சுட்டாலும் கேள்வியில்லை.

மூளையில் நீர் தேங்கியதால் என் கணவருக்குக் கால் தரையைவிட்டு எழாமல் இருந்தது. சிங்கப்பூரில் அந்த நீரை வடிக்கத் தலைக்குள் குழாய் வைத்த பிறகு நன்றாக நடந்தார். "கால் மறுபடியும் இழுத்தா குழாய் அடைச்சிருக்கும், பாத்துக்கம்மா" என்றார் டாக்டர். அதிலிருந்து ஆண்டுக்கணக்கில் அவர் கால்களையே பார்த்தபடி பின்னால் நடந்தேன்.

அப்படி நடந்துதான் அன்று மாலை வேலிக்கு வெளியே ரப்பர் மர வேரில் தடுக்கி விழுந்தேன். கணுக்கால் பிசகிவிட்டது. சங்கு அலறியது!

"நீங்க ஓடுங்க!"

"பேசாம முதுகுல ஏறு லா!"

என்னைச் சுமந்துகொண்டு ஓடினார்! நடக்கவே முடியாதிருந்த மனிதர்! கதவை மூடாமல் பிடித்திருந்த காவலாளி, "வா, வா!" என்று கத்தினான்.

உள்ளே இறக்கிவிட்டு மூச்சிரைக்கச் சிரித்தார். "இனிமே உன் காலைப் பாத்து நட."

இப்போது நான் அவர் பக்கத்தில் நடக்கிறேன்.