ஆணியில் இல்லாத ஸ்பேனர்

மாரிமுத்து அண்ணன் காலமாகிவிட்டார் என்று நம் பட்டறை வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. மனிதர் யாரைச் சோதிக்க இப்படிக் கிளப்பிவிட்டிருக்கிறாரோ என்றுதான் தோன்றியது. அவர் மகளுக்குப் போன் செய்தேன். அவள் அழுதாள். அவர் ஊரான பாகான் செராய்க்குப் பஸ் ஏறிய பிறகும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை.

கமுந்திங்கில் பஸ் பழுதுபார்க்கும் நம் பட்டறையில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு இது விளங்கும். அவர் மெக்கானிக், சாமான் அறை என் பொறுப்பு. ஓய்வு நேரத்தில் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து குறடு, சுத்தியல், ஸ்பேனர் என்று பென்சிலால் வரைந்துகொண்டிருப்பார். துரு, கீறல், நசுங்கல் எதையும் விடமாட்டார். "புதுச் சாமானை யாரும் வரைஞ்சிடலாம், தங்கச்சி. அடிபட்டதைத்தான் உத்துப் பாக்கணும்" என்பார்.

அவர் உற்றுப் பார்த்த சாமான்களில் சில பிறகு காணாமல் போயின. இன்னொன்று தொலைந்தால் வேலை இல்லை என்று முதலாளி, நம் தவுக்கே, என்னிடம் சொல்லிவிட்டார். புருஷனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு இருந்தவள் நான். அண்ணன்தான் திருடன் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஒருநாள் காலை, சாமான் அறையில் ஸ்பேனர் மாட்டும் வெள்ளைப் பலகையோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னாண்ணே பண்றீங்க?"

"சும்மாலா. நீ வேலையைப் பாரு."

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தவுக்கேயை அழைத்துவந்து எல்லாரையும் கூட்டினார். "சாப்பாட்டு நேரத்துல இந்த ரூமுக்குள்ள வந்தது யாரு?"

"நான் இந்தப் பக்கமே வரலைலா" என்று எங்களை மேற்பார்க்கும் ஃபோர்மேன் சிரித்தார். மற்றவர்களும் இல்லை என்றார்கள்.

"அப்ப எல்லாரும் கையைக் காட்டுங்க" என்ற அண்ணன், முதலில் என் கையைத்தான் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். ஃபோர்மேனின் விரல் நுனிகளில்தான் பென்சில் கரி பளபளத்தது. பலகையில் தொங்கிய புது ஸ்பேனர் வெறும் படம். அதன் நடுவே, எடுக்கப் பார்த்த விரல்கள் இழுத்த கறை. காலையிலிருந்து நானும் அதை நிஜமென்றே நினைத்துக் கடந்துபோயிருக்கிறேன். நிஜ ஸ்பேனர் அண்ணனின் சாப்பாட்டுப் பையில் இருந்தது. தொலைந்தவை ஃபோர்மேனின் காரிலிருந்து வந்தன.

"என்னையுமா சந்தேகப்பட்டீங்க?" என்று கேட்டேன்.

"ஆமாலா. நீ என்னைச் சந்தேகப்படலையா?"

அவர் சிரித்தார். "கண்ணால காண்பதும் பொய், தங்கச்சி. தொட்டுப் பாக்குறதே மெய்."

அன்றிலிருந்து சாயங்காலம் ஒவ்வொரு சாமானையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் அறையைப் பூட்டுகிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம்தான்.

பாகான் செராய் வீட்டில் அவர் பெட்டிக்குள் படுத்திருந்தார். உதட்டோரத்தில் அதே சிரிப்பு. ஏமாற்றுகிறார் என்றே பட்டது. குனிந்து காலைத் தொட்டேன். கும்பிடுகிறேன் என்று நினைத்து மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கால் ஜில்லென்று இருந்தது. அப்போதுதான் அழுதேன்.