கதவு பேசினால் மூன்றாவது கியர்

1. நியாயமில்லாத திட்டு

வேலையைச் சரியாகச் செய்ததற்காக என்னைத் திட்டிய ஒரே ஆள் செபமாலை அண்ணன்தான். பதுளையில் இருபத்தாறு வருடமாகக் கார்களுக்குப் பாட்டு செட் பூட்டுகிறேன். ஸ்பீக்கர் கரகரத்ததற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன். வயர் புகைந்ததற்காக வாங்கியிருக்கிறேன். ஒரு வேனுக்கு ரிவர்ஸ் போட்டால் ஹோர்ன் அடிக்கிற மாதிரி வயரிங் செய்துவிட்டு, ஒரு வாரம் கடையின் பின்வாசலால் வந்துபோயிருக்கிறேன். அதெல்லாம் நியாயமான திட்டு.

அன்றைக்குக் காலை பதினொரு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு போனவர், ஒரு மணிக்கு நடந்து வந்தார்.

"கார் எங்கண்ணே?"

"பசறை ரோட்டுல ஓரமா நிக்குது. ஒண்ணாவது கியர்லயே ரெண்டு மைல் போனேன். பின்னால அஞ்சு பஸ்சு, ஒரு தேயிலைக் கொழுந்து லொறி. அத்தனை பேரும் ஹோர்ன் அடிச்சானுங்க. அது மட்டும் நல்லாக் கேட்டுச்சு."

"என்ன கோளாறு?"

"கார்ல ஒரு சத்தமும் இல்ல."

"அதுக்குத்தானே நாலு நாள் வேலை செஞ்சேன்."

"சத்தம் இல்லாம எப்படி பாஸ் ஓட்டுறது?"

கைவேலைக்காரரை எங்கள் பக்கம் மரியாதையாக பாஸ் என்று கூப்பிடுவோம். அன்றைக்கு அவர் வாயில் அது வேறு மாதிரி வந்தது.

2. கதவுக்குள் இருந்த சாமான்கள்

செபமாலை அண்ணன் நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார். தோட்டத்து ஆட்களை ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் கூட்டிப்போய் ஹயர், அதாவது வாடகைக்கு, ஓடுபவர். கார் பச்சை நிறம், நாலு கதவு, என்னைவிட வயது கூடியது. செய்த கம்பெனியின் பெயரைச் சொல்லிப் பயனில்லை, அந்தக் கம்பெனியே இப்போது இல்லை.

மகளுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. சனிக்கிழமை காலை பதுளைக் கிறிஸ்தவக் கோயிலில் கலியாணப் பூசை. மகளைத் தானே அந்தக் காரில் ஓட்டிக்கொண்டு வருவதென்றும், வழியெல்லாம் நல்ல பாட்டு ஓடவேண்டும் என்றும் அவருக்கு ஆசை. செட், நாலு ஸ்பீக்கர், ஒரு சின்ன எம்ப்ளிஃபயர் கேட்டார்.

பூட்டிவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தோம். பாட்டு எங்கேயோ பக்கத்து மலையில் ஓடுகிற மாதிரி இருந்தது. காரே ஒரு தகரக் கடை. பழைய காருக்கு செட் பூட்டுகிறவர்கள் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பாடி ஆடுகிற வரைக்கும் எவ்வளவு பெரிய ஸ்பீக்கர் போட்டாலும் வீண். முதலில் கதவுகளுக்கு அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்ட வேண்டும்.

பேனல்களைக் கழற்றினேன். இடது பின்கதவுக்குள் ஒரு சீப்பு, ஒரு தேக்கரண்டி, யாரோ தொலைத்த வீட்டுச் சாவி. எல்லாவற்றையும் எடுத்துப் பையில் போட்டேன். நாலு கதவுக்கும் தளத்துக்கும் ஷீட் ஒட்டினேன். டேஷ்போர்ட் பெட்டியின் மூடிக்கு ரப்பர் வைத்தேன். டிக்கிக்குள் உருண்டுகொண்டிருந்த ஜாக்கியைப் பெல்ட் போட்டுக் கட்டினேன். நாலாம் நாள் கதவைச் சாத்தினால் பணக்காரன் வீட்டு அலுமாரி மாதிரி மூடியது. பெருமையாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுச் சாத்திக் காட்டினேன்.

நடந்து வந்த செபமாலை அண்ணனுக்குத் தேநீர் கொடுத்து உட்கார வைத்த பிறகுதான் விஷயம் விளங்கியது. அந்தக் காரின் ஸ்பீடோமீட்டர் அவர் வாங்கும்போதே செத்துப்போயிருந்தது. இருபத்தெட்டு வருடமாக அவர் காதால் ஓட்டியிருக்கிறார்.

"மூடி டிக்டிக்குன்னா ரெண்டாவது கியர். பின்கதவு பேசுனா மூணாவது. அதுக்கு மேல போனா ஜாக்கி கத்தும். ஜாக்கி கத்துனா காலை எடுத்துரணும். இப்ப எல்லாரும் வாயை மூடிட்டாங்க. நான் யாரைக் கேட்டு ஓட்டுறது?"

போனிலேயே வேகம் காட்டும், பூட்டித் தருகிறேன் என்றேன்.

"நம்பரைப் பாத்துக்கிட்டு இருந்தா ரோட்டை யாரு பாக்குறது? முப்பதுன்னா எனக்கு என்னா தெரியும்? கதவைச் சொல்லுங்க, தெரியும்."

அன்று புதன்கிழமை. ஓரமாக நின்ற காரை நானே போய்க் கடைக்கு எடுத்துவந்தேன்.

3. சத்தத்தைத் திரும்பப் பூட்டுதல்

இருபத்தாறு வருடத் தொழிலில் சத்தத்தைக் குறைக்கவும் கூட்டவும் கற்றிருந்தேன். போன சத்தத்தைத் திரும்பக் கொண்டுவர யாரும் சொல்லித்தரவில்லை.

ஜாக்கியை அவிழ்த்துவிட்டேன். கீழே மெத்தென்று ஷீட் இருந்ததால் அது சத்தமில்லாமல் உருண்டது. தேக்கரண்டி, சீப்பு, சாவி மூன்றையும் பழையபடி கதவுக்குள் போட்டேன். கரண்டி அதே கரண்டிதான், கதவுதான் ஊமையாகிவிட்டது. ஷீட்டை உரிக்கப் பார்த்தேன். நான் ஒட்டினால் உரியாது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். உண்மையாகவே உரியவில்லை.

கடைசியில் கதவின் கீல் ஆணிகளைத் தளர்த்தி, ஒரு தகரத் துண்டைச் செருகி, அவரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தடதடவென்று கேட்டது. எனக்குத் திருப்தி. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு வண்டியை நிறுத்தினார்.

"இது நம்ம கதவு இல்ல, பாஸ். இது வேற யாரோட கதவோ."

வியாழக்கிழமை முழுவதும் இப்படியே போனது. தகரத்தை மாற்றினேன், ஆணியை மாற்றினேன். ஒரு தடவை "கிட்ட வந்துருச்சு, ஆனா இது மழை நேரத்துக் கதவு" என்றார்.

அன்று பின்னேரம், அவர் தேநீர்க் கடைக்குப் போன சமயம் பார்த்து, ஒரு பெண் என் கடைக்குள் வந்தார். லூர்து அக்கா, செபமாலை அண்ணனின் மனைவி. கலியாணச் சாமான் வாங்க பஸ்ஸில் டவுனுக்கு வந்தவர்.

"தம்பி, அந்தச் சத்தத்தைத் திரும்ப வைக்காதீங்க."

"ஏங்கக்கா? அண்ணனுக்கு ஓட்ட முடியலியே."

"மக கலியாணம் முடிஞ்ச கையோட கொழும்புக்குப் போயிருவா. நான் அவகிட்ட நாலு வார்த்தை சொல்லணும். லயத்துல ஒட்டி ஒட்டி இருக்குற வீட்டுல எங்க வச்சுச் சொல்றது? இந்தப் பக்கம் இருமுனா அஞ்சாவது வீட்டுக் காம்பராவுல தண்ணி வேணுமான்னு கேப்பாங்க. இப்ப வீடு நெறைய சொந்தக்காரங்க வேற. கோயிலுக்கு வர்ற அந்த ஒன்றரை மணித்தியாலந்தான் எனக்கு."

"அண்ணன் முன்னால இருப்பாரே."

"அவருக்கு நான் கார்ல பேசி என்னைக்குக் கேட்டிருக்கு?" என்றார்.

ஒரே காருக்கு இரண்டு ஓர்டர். புருஷனுக்குச் சத்தம் வேண்டும், இல்லாவிட்டால் மகளை ஓட்டிக்கொண்டு போக முடியாது. மனைவிக்குச் சத்தம் வேண்டாம், இருந்தால் மகளிடம் பேச முடியாது. இரண்டையும் கெடுத்தவன் நான். வெள்ளிக்கிழமை தகரத்தையும் தேக்கரண்டியையும் வெளியே எடுத்து, ஆணிகளை இறுக்கி, அண்ணனிடம் வேறொரு ஏற்பாட்டைச் சொல்லி, காரை ஒன்றாவது கியரிலேயே வீட்டுக்கு அனுப்பினேன்.

4. பின்கதவாக நான்

சனிக்கிழமை விடிய முதல் பஸ்ஸில் நமுனுகுலவுக்குப் போய் இறங்கினேன். கோட்டு சூட்டு போட்டிருந்தேன். கையில் ஒரு பால்மா டின், அந்தப் பழைய தேக்கரண்டி, ஒரு ஸ்பேனர். என் ஏற்பாடு இதுதான்: நான் முன் இருக்கையில் இருந்து போனில் வேகத்தைப் பார்ப்பேன். இருபதுக்கு டேஷ்போர்ட் மூடியை நகத்தால் தட்டுவேன். முப்பதுக்கு டின்னுக்குள் கரண்டியை ஆட்டுவேன். நாற்பதுக்கு ஸ்பேனரால் அடிப்பேன். எல்லாம் அவர் காதுக்கு மட்டும், மெதுவாக. இதைவிட நல்ல யோசனை வரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மணப்பெண் வெள்ளைச் சேலையில் வந்து அம்மாவோடு பின்னால் ஏறினாள். முன்னால் டின்னோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இவரு யாரு?"

"இவருதான் நம்ம பின்கதவு," என்றார் செபமாலை அண்ணன்.

புறப்பட்டோம். இருபது வந்தது, தட்டினேன். அவர் கியரை மாற்றினார். வேலை செய்கிறது என்று எனக்கு உயிர் வந்தது. தேயிலைக்கு நடுவே ரோடு இறங்கத் தொடங்கியது. முப்பது வந்ததும் கரண்டியைத் தூக்கினேன். நான் ஆட்டுவதற்கு முன்னால் பின்னாலிருந்து லூர்து அக்காவின் குரல் வந்தது.

"மெதுவாங்க."

செபமாலை அண்ணனின் கால் தானாகத் தளர்ந்தது. போனைப் பார்த்தேன். சரியாக முப்பது.

அடுத்த வளைவில் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். இருபத்தொன்பதில் ஒன்றும் இல்லை. முப்பதில் "மெதுவாங்க". நேர்ரோட்டில் வண்டி வேகம் பிடித்தது. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. நாற்பதில் அக்கா, "மாதாவே" என்றார். ஸ்பேனர் என் மடியிலேயே கிடந்தது. நான் வாங்கி விற்ற எந்த மீட்டரும் இவ்வளவு சரியாகக் காட்டியதில்லை.

டின்னைக் காலடியில் வைத்துவிட்டேன். செபமாலை அண்ணனும் கவனித்திருந்தார்.

"லூர்து, இதை எப்பருந்து சொல்ற?"

"கார் வாங்குன அன்னையிலருந்து."

"எனக்குக் கேக்கவே இல்லியே."

"கேக்கலன்னு எனக்குத் தெரியுமே. இருந்தாலும் சொல்லிட்டுத்தான் வந்தேன்."

அவர் கண்ணாடியில் மனைவியைப் பார்த்தார். என் சத்தம்தான் இப்போது அந்தக் காரில் வேண்டாத சத்தம் என்று விளங்கியது. பசறை டவுன் வந்ததும் அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"பாஸ், கோவிச்சுக்காதீங்க. நீங்க இங்கன எறங்கிக்கிறீங்களா?"

5. படித்தது

கோட்டு சூட்டோடு, கையில் பால்மா டின்னும் ஸ்பேனருமாகப் பசறை பஸ் ஹோல்ட்டில் நின்றேன். கோயிலுக்குப் போய்ச் சேரும்போது பாதிப் பூசை முடிந்திருந்தது.

வெளியே வந்ததும் செபமாலை அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அதுக்கப்புறம் லூர்தை ஒரு தடவை கூட மாதாவைக் கூப்பிட விடல, பாஸ்."

"செட் எப்படிண்ணே இருந்துச்சு?"

"செட்டா?" என்றார். நாலு ஸ்பீக்கரும் எம்ப்ளிஃபயரும் நாலு நாள் வேலையும். வழியில் ஒரு தடவை கூட அதை அவர் போடவில்லை.

அதற்குப் பிறகு பழைய கார் எது வந்தாலும் ஸ்குரூ டிரைவரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்கிறேன். வழக்கமாக அந்தக் காரில் யார் ஏறுவார்களோ அவர்களை ஏற்றி, ஓனரை ஒரு சுற்று ஓட்டச் சொல்லி, நான் பின்னால் வாயை மூடிக்கொண்டு இருப்பேன். எந்தச் சத்தம் யாருக்குத் தேவை, எது எதை மறைக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பேனலைக் கழற்றுவேன். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

அன்றைக்குக் கோயில் வாசலில் லூர்து அக்காவும் என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது, முகம் தெளிவாக இருந்தது.

"பேசினீங்களாக்கா?"

"எல்லாம் பேசிட்டேன், தம்பி. நம்ம காருக்கு நீங்க எத்தனையோ வேலை செஞ்சீங்க. பசறையில எறங்குனீங்க பாருங்க, அதுதான் நல்ல வேலை."