பெருக்கிவிட்ட பலாத்தோப்பு

பாப்பிரெட்டிப்பட்டியில் பைக் சீட்டுக்கு உறை தைக்கும் கடை என்னுடையது. குளிர்காலத்து ஞாயிறுகளில் கடையைப் பூட்டிவிட்டுச் சித்தேரி மலைக்குக் குருவி பார்க்கப் போய்விடுவேன். “கல்யாணத்துக்குக் கூப்ட்டா வர மாட்டான், காக்கா கூப்ட்டா ஓடுவான்” என்று டீக்கடையில் என்னைச் சொல்வார்கள்.

மலையில் சாமை விதைக்கிற புருஷன் பெண்டாட்டி எனக்குப் பழக்கம்; அந்தப் பெண்ணைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். வீட்டுக்குப் பின்னால் பலாமரங்கள், அடியில் கால் புதையச் சருகு. குளிருக்கு வடக்கிலிருந்து வரும் ஆறுமணிக் குருவி அந்தச் சருகைப் புரட்டிப் புழு பொறுக்கும். பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். “கள்ளன்னு பேரெடுத்துத் திருடறது புழுவாண்ணா?” என்று அந்தத் தங்கச்சி சிரிக்கும்.

போன மார்கழியில் நகரத்துக் குழு ஒன்று, பறவை பார்க்க வருகிறவர்களைக் குளிர்காலம் முழுக்கத் தங்கவைக்க மலையில் இடம் தேடியது. கூடாரத்துக்கு இடம், சாப்பாடு, இரண்டும் வீட்டுக்காரர் பொறுப்பு. நான் இவர்களைக் கைகாட்டினேன். விதைத்ததில் பாதியைக் காட்டுப்பன்றிக்குக் கொடுத்துவிட்டு, திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கிளம்ப இருந்தவர்கள். “இது மட்டும் அமையட்டும்ணா, கட்டுன மூட்டைய அவுத்துடறேன்” என்று போனில் சொன்னது தங்கச்சி.

இடம் பார்க்கக் குழுவோடு நான் போய் இறங்கியபோது பனி விலகவில்லை. தோப்புக்குள் நுழைந்ததும் தரையைப் பார்த்தேன். சருகு ஒன்றுகூட இல்லை. தரையைக் கூட்டி, சாணி தெளித்து, பலாமரத்தடியில் கோலமே போட்டிருந்தார்கள். ஓரத்தில் சருகுக் குவியல் எரிந்து புகைந்துகொண்டிருந்தது.

“விருந்தாளி கண்ணு மூலைக்குத்தான் போகும்னு ரெண்டு நாளா பெருக்குனா” என்றார் புருஷன், பெருமையாக.

காத்திருந்தோம். கொண்டைக்குருவி வந்தது, மைனா வந்தது. வரவேண்டியது வரவில்லை. குழுத் தலைவர் தரையைக் காட்டி, “சருகுதாம்மா அதுக்கு இலை போட்ட சாப்பாடு. எல்லாத்தையும் எரிச்சிட்டீங்களே” என்றார்.

“குப்பையப் பாக்கவா அவ்ளோ தூரத்துல இருந்து வந்தீங்க?” என்று சிரித்த தங்கச்சிக்கு, எங்கள் முகங்களைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது.

அப்புறம் நடந்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. தங்கச்சி கூடையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. புருஷனும் ஓடினார். காட்டுச் சருகை அள்ளி அள்ளி வந்து, போட்ட கோலத்தின் மேலேயே கொட்டினார்கள். மூச்சு வாங்க, “இப்ப வரும் பாருங்க சார், செத்த இருங்க” என்றது. ஒருவர் அதைச் செல்போனில் படம் எடுத்தார். இன்னொருவர் வாயைப் பொத்திக்கொண்டார், சிரிப்பு தெரியாமல் இருக்க. தலைவர் மட்டும் பொறுமையாக, “சருகு மட்டும் போதாதும்மா, பூச்சி சேர நாளாகும்” என்றார். அந்தப் பொறுமைக்குப் பதில் திட்டியிருக்கலாம்.

சாமைச் சோற்றையும் அவரைக்கொட்டைக் குழம்பையும் எல்லோரும் புகழ்ந்து சாப்பிட்டார்கள். “யோசிச்சுச் சொல்றோம்” என்றார் தலைவர். வயிறார உண்டவன் வாயிலிருந்து வரும் அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான்.

பொங்கல் கழிந்து தருமபுரி பஸ் ஸ்டாண்டில் இருவரையும் மூட்டையோடு பார்த்தேன். திருப்பூர் வண்டிக்கு நின்றார்கள்.

“அவங்க வேற எடம் புடிச்சாங்களாண்ணா?”

“புடிச்சாங்கம்மா. மலைக்கு அந்தாண்ட, ஒரு பழைய தோட்டம்.”

“குருவி வருதா?”

“வருதாம்.”

“அங்க இருக்கறவங்க பெருக்க மாட்டாங்களா?”

“அங்க யாரும் குடியில்ல.”

தங்கச்சி மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டது. “இனி எங்க வூட்லயும் யாருமில்லண்ணா. வரச் சொல்லுங்க.”