கிழக்குப் பாதி வைக்கோல்

போன வருஷம் ஒருநாள் காலையிலிருந்து மாலைவரை நான் பெரிய துரையின் பங்களாவில் உட்கார்ந்து, பீங்கான் கோப்பைகளைப் புருஷன் கோப்பை, பெண்சாதி கோப்பை என்று பிரித்துக்கொண்டிருந்தேன். மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி என்றால் ஊரில் பெரிய உத்தியோகமாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதனால்தான் இதை முதலில் சொல்லிவைக்கிறேன். துரையும் துரைசாணியும் மேஜைக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். அவர் ஒரு கோப்பையை எடுத்து, "பிளீஸ்" என்று அந்த அம்மாளிடம் நீட்டுவார். அவள் "தாங்க்யூ" என்று வாங்கித் தன் பக்கம் வைப்பாள். சத்தம் இல்லை, அழுகை இல்லை. நான் பட்டியலில் ஒரு வரி எழுதுவேன். கரண்டிகள் முடிந்தன, மேஜைத் துணிகள் முடிந்தன. கடைசியில் நாய் மிஞ்சியது. அதை யார் பக்கம் எழுதுவது என்று இருவரும் யோசித்த நேரத்தில் அது எழுந்து சமையலறைக்குப் போய்ச் சீனச் சமையல்காரனின் காலடியில் படுத்துக்கொண்டது. அந்த வீட்டில் விவரம் தெரிந்த ஜீவன் அது ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது.

இதற்கு டைவர்ஸ் என்று பெயர். பிரிந்து போவது என்று ஆணும் பெண்ணும் சேர்ந்து முடிவு செய்துவிட்டால் அவர்கள் தேசத்தில் பிரிய முடியாதாம். ஒருவர் தப்புச் செய்தவராக இருக்க வேண்டும். அதைக் கோர்ட்டில் நிரூபிக்கவும் வேண்டும். எங்கள் துரை தப்புத்தண்டாவுக்குப் போகாத மனுஷர். ஆகையால் வக்கீல் சொன்னபடி சிங்கப்பூருக்குப் போய், முன்பின் தெரியாத ஒரு பெண்ணுடன் ஓட்டலில் அறை எடுத்து, இருவருமாக உட்கார்ந்து சீட்டாடிவிட்டு, ரசீதை வாங்கிக்கொண்டு வந்தார். அந்த ரசீதை ஃபைலில் கோத்தவன் நான். சாட்சிக் காகிதங்கள் லண்டனுக்குப் போய், நீதிபதி படித்து, பாதி தீர்ப்புச் சொல்லி, அதற்குப் பிறகு ஆறு மாதம் காத்திருந்தால் மீதித் தீர்ப்பு வருமாம். நல்லவன் கெட்டவனாக நடித்தால்தான் விடுதலை என்பதைக் கேட்டபோது எனக்கு ஒரே பெருமை பொங்கியது. பெருமை எங்கள் ஊரைப் பற்றி.

புதுக்கோட்டை சமஸ்தானத்தில், அன்னவாசலுக்கு வடக்கே கண்மாய்க் கரையில் இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. எங்கள் வகையறாவில் புருஷன் பெண்சாதிக்கு ஒத்துவரவில்லை என்றால் அம்பலகாரர் ஊரைக் கூட்டுவார். சொத்தைப் பிரிப்பார்கள். பிறகு புருஷன் ஒரு வைக்கோல் துரும்பை ஒடித்து அவள் கையில் கொடுப்பான். அவ்வளவுதான், தீர்ந்தது. அவள் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளலாம், ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. துரும்பு அவனுடைய சொந்தத் துரும்பாக இருக்க வேண்டும், அவன் கையால் வர வேண்டும். அடுத்தவன் வைக்கோற்போரில் பிடுங்கியது செல்லாது.

இதைத் துரையிடம் நான் சொன்னேன். அவர் பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, வைக்கோல் எத்தனை டன் என்று கேட்டார். ஒன்றே ஒன்று என்றேன். மாதத்துக்கு ஒன்றா, வருஷத்துக்கு ஒன்றா என்றார். ஜீவனாம்சத்தை வைக்கோலாகக் கொடுக்கிறோம் என்று நினைத்துவிட்டார் பாவம். இல்லை துவான் (துரையை இங்கே அப்படித்தான் அழைக்க வேண்டும்), ஒரு வெற்றிலை போடுகிற நேரத்தில் முடிந்துவிடும் என்று நான் மார்பை நிமிர்த்திச் சொன்னேன். அவர் வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்க்காரனாகப் பிறக்கவில்லையே என்று ஒரு வெள்ளைக்காரன் ஏங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இரண்டு கவளம் கூடுதலாக இறங்கியது.

மூன்று வாரம் கழித்து அதே துரும்பு என்னைத் தேடிக்கொண்டு கப்பலேறி வந்தது. துரும்பு வரவில்லை, அதைக் கேட்டு என் மனைவி செல்லாயியின் கடிதம் வந்தது. அவளுக்கு எழுதத் தெரியாது. பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுதியிருந்தார். வாத்தியாருக்கு ஒரே மாதிரியாகத்தான் கடிதம் எழுத வரும். "இவ்விடம் நானும் மாடுகளும் க்ஷேமம், தங்கள் க்ஷேமத்துக்கு எழுதவும். இப்பவும் தாங்கள் எனக்கு ஒரு துரும்பு அனுப்பி என்னைத் தீர்த்துவிட வேண்டியது" என்று தொடங்கி, உடம்பைக் கவனித்துக்கொள்ளும்படி சொல்லி முடிந்திருந்தது. நடுவில் மட்டும் வாத்தியாரைத் தள்ளிவிட்டு அவளே பேசியிருந்தாள். "ஒம்பது வருசமாச்சு. நீங்க அங்கிட்டு வேலையாகிட்டீங்க, நான் இங்கிட்டு வேலையாகிட்டேன். குளத்தூர்ப் பக்கம் ஒருத்தரு கேக்குறாரு. எனக்கும் சம்மதந்தான். கோவமில்லாமக் கொடுத்துருங்க."

கோபம் இல்லாமல் கொடுக்க வேண்டுமாம். நான் ஒன்பது வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் ஊருக்குப் போனேன் என்பது உண்மை. அந்த ஒரு மாதத்திலும் பாதி நாள் புதுச் சட்டையோடு திருக்கோகர்ணத்துக்கும் அன்னவாசலுக்கும் நடந்து, பார்த்தவர்களிடமெல்லாம் மலாய் நாட்டுப் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தேன் என்பதும் உண்மை. கூட வா என்று கூப்பிட்டேன். நாற்று விட்டிருக்கிறது, இப்போது எப்படி வருவது என்றாள். அடுத்த வருஷம் கடிதத்தில் கூப்பிட்டேன். பசு சினையாக இருக்கிறது என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு நான் கூப்பிடவில்லை. என் மனைவி ஊரில் நிலபுலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று இங்கே நாலுபேரிடம் சொல்லிக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அந்தச் சௌகரியத்தின் மீது அவள் கை வைத்துவிட்டாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு வலித்தது. அவளை இழப்பது வலித்ததா, அவள் முந்திக்கொண்டது வலித்ததா என்று அப்போது என்னை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மாட்டேன் என்று எழுத மானம் இடம் கொடுக்கவில்லை. சரி என்று எழுத மனம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே துரையின் பங்களாவில் படித்த படிப்பைப் பயன்படுத்தினேன். சொத்து முழுவதையும் பாதிப் பாதியாகப் பிரிக்க வேண்டும் என்று கோடு போட்ட காகிதத்தில், சிவப்பு மையில் எண் இட்டு, மூன்று பிரதி எழுதினேன். பாட்டன் சொத்தான வயல், வீடு மட்டும் இல்லை. நான் போனபிறகு அவள் தன் உழைப்பில் வாங்கின உழவு மாடுகள், அவள் கூலி ஆளோடு ஆளாக மண் சுமந்து வெட்டின கிணறு, உரல் உலக்கை, அம்மி குழவி, கோழிக் கூண்டு, கொல்லையில் இருக்கிற வைக்கோற்போர் உட்பட எல்லாம் என்று எழுதினேன். வைக்கோற்போர் என்ற சொல்லுக்கு அடியில் ஒரு கோடும் இழுத்தேன். இத்தனையையும் பார்த்தால் மலைத்துப்போய்ப் பேசாமல் இருந்துவிடுவாள் என்பது என் கணக்கு. பங்கு பிரிந்துவிட்டாலும் என் பாதி பாழாகக் கூடாதே என்று கடைசியில் இன்னொரு வரி சேர்த்தேன். "நான் வரும்வரை என் பங்கைச் செல்லாயியே என் கையாக இருந்து பார்த்துக்கொள்ள வேண்டியது." கூலி கொடுக்காமல் ஒரு காவலாள் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

துரும்புக்கு வேறு ஒரு வழி செய்தேன். ரப்பர் மரத்தைத் தவிர வேறொன்றும் முளைக்காத இந்தத் தோட்டத்தில் வைக்கோலுக்கு எங்கே போவது? ஆபீசுக்குப் பின்னால் லாலான் என்ற புல் ஆளுயரத்துக்கு மண்டிக் கிடக்கிறது. எத்தனை வெட்டினாலும் வளர்கிற முரட்டுப் புல். அதில் ஒன்றைப் பிடுங்கி, வெயிலில் காயவைத்து, உறைக்குள் போட்டு அனுப்பினேன். அது செல்லாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அனுப்பினேன். ஊர் கூடி, வாதாடி, திருப்பி அனுப்பி, நான் மறுபடி ஒன்றை அனுப்பி, இப்படியே இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டால் குளத்தூர்க்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விடுவார் அல்லவா? வெற்றிலை போடுகிற நேரத்தில் முடிகிற காரியத்தை லண்டன் கோர்ட்டு மாதிரி இழுத்தடிக்க நானே கற்றுக்கொண்டேன்.

என் உறை போய்ச் சேர்ந்ததும் அம்பலகாரர் ஊரைக் கூட்டினார். அந்தக் கூட்டத்தில் நடந்ததை என் பங்காளி முத்தையா விவரமாக எழுதியிருந்தான். அவன் எனக்கு வேண்டியவன், ஆனால் கடிதம் முழுக்க அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதியது தெரிந்தது. முதலில் லாலான் புல்லைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். அம்பலகாரர் அதை முகர்ந்துவிட்டு, இது விளைகிற பூமி யாருடையது என்று கேட்டிருக்கிறார். கம்பெனிக்காரனுடையது என்று முத்தையா சொன்னானாம். "அப்ப இது கம்பெனிக்காரன் கொடுத்த துரும்பு. செல்லாயிய அவனா கட்டுனான்?" என்று அம்பலகாரர் அதைத் தள்ளி வைத்துவிட்டார். ஒன்பது வருஷம் உழைத்த நாட்டில் ஒரு புல்லுக்குக்கூட நான் சொந்தக்காரன் இல்லை என்று ஊர் தீர்மானித்தது. நான் எதிர்பார்த்தது இதைத்தான், இருந்தாலும் படித்தபோது சுருக்கென்றது.

பிறகு என் சிவப்பு மைப் பட்டியல். வாத்தியார் உரக்கப் படிக்க, ஊரே வாயைப் பொத்திக்கொண்டு கேட்டதாம். "அம்மி அவளுக்கு, கொழவி அவனுக்குன்னா அரைக்கிறது யாருப்பா?" என்று அம்பலகாரர் கேட்டிருக்கிறார். கிணற்றை எப்படிப் பிரிப்பது என்று அரை மணி நேரம் பேசினார்களாம். செல்லாயி எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. கிணற்றில் பாதியா, இருக்கட்டும். மாட்டில் ஒன்றா, ஓட்டிக்கொள்ளட்டும். அவளுக்குப் புத்தி கலங்கிவிட்டதோ என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் எல்லோரும் கொல்லைக்குப் போய், வைக்கோற்போரைக் கயிறு பிடித்து அளந்து, நட்டநடுவில் ஒரு பனைமட்டையைச் செருகி, கிழக்குப் பாதி எனக்கு, மேற்குப் பாதி அவளுக்கு என்று அம்பலகாரர் சொல்லி முடித்தார். துரும்பு வந்தபிறகு மறுபடி கூடுவோம் என்று எல்லோரும் துண்டை உதறித் தோளில் போட்டபோது செல்லாயி வாய் திறந்திருக்கிறாள். அந்தப் பேச்சை முத்தையா அப்படியே எழுதியிருந்தான்.

"அம்பலத்தாரே, இந்தக் கிழக்குப் பாதி யாருதுங்க?"

"அதான் சொன்னேனே, ஒன் புருசனுது."

அவள் கிழக்குப் பக்கம் போய் ஒரு வைக்கோலைப் பிடுங்கினாள். "அப்ப இந்தத் துரும்பு?"

"அதுவும் அவனுதுதான். ஆனா அவன் கையால வரணும் தாயி."

"வாத்தியாரய்யா, அந்தக் கடைசி வரிய இன்னொருக்கா படிங்க."

வாத்தியார் படித்தார். என் கையாக இருந்து செல்லாயியே பார்த்துக்கொள்ள வேண்டியது. அம்பலகாரர் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். செல்லாயி தன் வலது கையைத் துரும்போடு முன்னால் நீட்டினாள்.

"இது அவரு கைதாங்க. அவரே எழுதியிருக்காரு. ஒம்பது வருசமா இந்தக் கைதான் அவருக்கு உழுதுச்சு, அறுத்துச்சு. இன்னிக்கு ஒரு துரும்ப ஒடிக்கக் கூடாதா?"

அம்பலகாரர் வெற்றிலைப் பையைத் திறந்து, வெற்றிலை எடுத்து, சுண்ணாம்பு தடவி, மென்று முடித்துவிட்டு, "ஒடி" என்றார். வலது கையால் ஒடித்து இடது கையில் வாங்கிக்கொண்டாள். நான் துரையிடம் சொன்ன அளவுக்கு ஒரு நிமிஷம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கடிதத்தோடு ஒடித்த துரும்பின் மறுபாதியும் வந்திருந்தது. எனக்கென்று கொடுக்கச் சொன்னாளாம். முத்தையாவின் அடுத்த கடிதத்தில் அவள் குளத்தூருக்குப் போய்விட்ட சேதி இருந்தது. போகும்போது தன் பங்குக் கிணற்றையும் வயலையும் முத்தையாவுக்கே வாரக் குத்தகைக்கு விட்டுவிட்டாள். அவள் பாதி வைக்கோலை மாடுகள் தைக்குள் தின்று தீர்த்துவிட்டன. என் பாதியை யாரும் தொடுவதில்லை. அக்கரைச் சீமைக்காரனின் சொத்து, வம்பு எதற்கு என்று விட்டுவிட்டார்களாம். மேற்குப் பக்கம் செங்குத்தாக வெட்டுண்டு, கொல்லையில் அது தனியாக நிற்கிறது என்று எழுதியிருந்தான். துரைக்கு இன்னும் மீதித் தீர்ப்பு வரவில்லை. என் சங்கதியும் அவர் காதுக்கு எட்டியிருந்தது. உன் காரியம் முடிந்ததா என்று கேட்டார், முடிந்தது என்றேன். துரும்பு யார் கொடுத்தது என்றார். என் கைதான் துவான் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

அந்தப் பாதித் துரும்பை, ஆட்களுக்குப் பேர் போடுகிற ஆபீஸ் செக்ரோல் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். சென்ற வாரம் புத்தகத்தைத் திறந்தால் அது இல்லை. ஆபீஸ் கூட்டுகிற மலாய்க் கிழவர் குப்பை என்று பெருக்கித் தள்ளிவிட்டார். நான், இத்தனை ஆட்களுக்குப் பேர் போடுகிற பெரிய கிராணி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குப்பைமேட்டில் மண்டியிட்டுக் காகிதமும் தேயிலைச் சக்கையுமாகக் கிளறினேன். கிழவர் பதறிப்போய், என்ன தொலைந்தது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மலாயில் சொத்து, கிணறு, மனைவி, கை எல்லாவற்றையும் எப்படிச் சொல்வது? "ரூமா" என்றேன். வீடு என்று அர்த்தம். அந்த நேரம் அது கிடைத்துவிட்டது. விரல் நீளத்துக்கு ஒரு துண்டு. எடுத்துத் தூசி தட்டி, வலது உள்ளங்கையில் வைத்து அவருக்குக் காட்டிவிட்டு மூடிக்கொண்டேன்.

கிழவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இதற்கா இத்தனை பாடு என்பதுபோலச் சிரித்தார். நல்ல மனுஷர். குனிந்து, ஆபீசின் பின்புறம் மண்டிக் கிடந்த லாலானைக் கை நிறையப் பிடுங்கி என்னிடம் நீட்டி, "அம்பில்லா, துவான், பாஞ்ஞா" என்றார். எடுத்துக்கொள், நிறைய இருக்கிறது என்கிறார். மறுத்தால் மனம் நோவாரே என்று இடது கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டேன். வலது கையை நான் திறக்கவில்லை.