சொதப்பின பாடத்தைக் கொண்டாங்க

ஞாயிற்றுக்கிழமை காலை சிங்கப்பூர் தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சிக்காகக் காத்து நின்றபோது, என்னோடு வேலை பார்த்த ஆசிரியர் ரஹீம் அழைத்தார். "சார், வல்லி டீச்சர் போயிட்டாங்க. விடிகாலையில, ஆஸ்பத்திரியில" என்றார். எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஒரு பாகற்காய் நினைவுக்கு வந்துவிட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அழுகை பிறகு, பேருந்தில் வந்தது.

செண்பகவல்லி என்ற முழுப்பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. உட்லண்ட்ஸில் நாங்கள் வேலை பார்த்த தொடக்கப்பள்ளிக்குத் தமிழ்ப் பிரிவின் தலைவராக வந்தார். என்னைவிட இரண்டு வயது இளையவர். எனக்கோ இருபத்தைந்து ஆண்டு அனுபவம், கூடவே ஒரு ரகசியம். என் பிள்ளைகள் தமிழ் வகுப்பில் வாயே திறப்பதில்லை. வெளியே ஆங்கிலத்தில் கலகலவென்று பேசுபவர்கள், என்னிடம் "எஸ் சார், நோ சார்" என்பதோடு சரி. இது மற்றவர்களுக்குத் தெரிந்துவிட்டால் வேலையை விட்டுவிடுவது என்று கடிதமே எழுதி மேசைக்குள் வைத்திருந்தேன்.

"உங்க பாடத்தைப் பார்க்க வரேன் சார்" என்றார் வல்லி. ஆசிரியர்கள் பலர் செய்வதைத்தான் நானும் செய்தேன். முதல் நாளே அந்தப் பாடத்தைப் பிள்ளைகளிடம் நடத்தி ஒத்திகை பார்த்துவிட்டேன். மறுநாள் நான் கேள்வியை முடிக்கும் முன்பே பன்னிரண்டு கைகள் உயர்ந்தன. அதோடு நின்றிருந்தால் தப்பித்திருப்பேன். யாழினி என்ற வாயாடி எழுந்து, "சார், நேத்து இந்த இடத்துல ஒரு ஜோக் சொன்னீங்களே, டுடே நோ ஜோக் ஆ?" என்று கேட்டுவிட்டாள்.

பின்வரிசையில் இருந்த வல்லி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பாடம் முடிந்ததும் குறை ஒன்றும் சொல்லவில்லை. "நாளைக்கு இதே பிள்ளைங்களுக்கு நான் பாடம் எடுக்கிறேன். நீங்க பின்னால உட்காந்து பாருங்க. ஒத்திகை எல்லாம் கிடையாது லா" என்றார்.

அவர் பாடம் என்னுடையதைவிட மோசம். காய்கறிப் பெயர்களைச் சொல்லித்தர ஒரு பை நிறையக் காய்களோடு வந்தார். விளக்கம் நீண்டுகொண்டே போனது. பொறுமையிழந்த யாழினி பாகற்காயைக் கடித்துவிட்டு, "ஐயோ, கசக்குது டீச்சர்!" என்று அலறினாள். "துப்பு, துப்பு" என்று மொத்த வகுப்பும் கத்தியது. ஒருவன் உதவுகிறேன் என்று தண்ணீரை மேசையெல்லாம் கொட்டினான். மணியடிக்கும்வரை யாரும் அடங்கவில்லை.

கருத்துப் படிவத்தில் "மிகச் சிறப்பு" என்று எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இது யாரோட பாடம் சார்? நான் எடுத்த மாதிரி தெரியலையே." எனக்கும் ரோஷம் வந்தது. ஒளிக்காமல் எழுதினேன்: நீங்களே பேசிக்கொண்டிருந்தீர்கள், பிள்ளைகளுக்கு இடமே விடவில்லை, பாகற்காயைக் கடித்த பிறகுதான் அவர்கள் தமிழில் வாய் திறந்தார்கள்.

அந்த வாரக் கூட்டத்தில் அந்தப் படிவத்தை எல்லோர் முன்னிலையிலும் சிரித்துக்கொண்டே சத்தமாக வாசித்தார். "நல்லா நடந்த பாடத்தைப் பத்திப் பேச என்ன இருக்கு? சொதப்பின பாடத்தைக் கொண்டாங்க, சேர்ந்து சரிபண்ணலாம்" என்றார். நான் எழுதிய ஒவ்வொரு வரியும் எனக்கே பொருந்துவது அப்போதுதான் உறைத்தது. என் பிள்ளைகள் வாய் திறக்காத கதையை அன்று நானே போட்டு உடைத்தேன். யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. "எங்க வகுப்பும் அப்படித்தான் சார்" என்றார் ரஹீம். கடிதத்தை அன்றைக்கே கிழித்துப் போட்டேன். அதன்பின் அந்தக் கூட்டங்களில் நாங்கள் அடித்த கூத்தைச் சொல்லி மாளாது. ஓய்வுபெறும்வரை அங்கேயே இருந்தேன். கடைசி ஆண்டுகளில், பேசாதே என்று பிள்ளைகளை அதட்டும் பாக்கியமும் கிடைத்தது.

புக்கிட் மேராவில் அவர் வீட்டுக்குப் போய் வல்லிக்கு மாலை போட்டுவிட்டு, அவர் கணவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். ரசித்துச் சிரித்தார். பிறகு, "ஆனா நீங்க எழுதினதப் படிச்ச அன்னைக்கு வீட்ல வந்து அழுதா சார். ரொம்ப வலிச்சிடுச்சுன்னு சொன்னா" என்றார்.

இத்தனை ஆண்டுகளாக இது எனக்குத் தெரியாது. அவர் வாசித்தபோது சிரித்ததை மட்டுமே பார்த்திருக்கிறேன். அவ்வளவு வலியோடு, அந்தக் கூட்டத்துக்கு மறுநாள் காலை என் வகுப்பு வாசலில் வந்து நின்று, "உள்ள வரலாமா சார்?" என்று கேட்டார். வல்லியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் குரலை. "வாங்க டீச்சர்" என்றேன். என் வகுப்புக்குள் இன்னொரு ஆசிரியரை நான் மனதார அழைத்தது அதுதான் முதல் தடவை.